மல்லனின் இதயம்

புறநானூற்றில் ஒரு மற்போர்க் காட்சி உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். வென்ற கிள்ளியையும் வீழ்ந்த மல்லனையும் நம் கண்முன் நிறுத்தும் புலவர், அவ்விருவரும் அறுபது வயதில் எப்படி இருந்தார்கள் என்று சொல்லவில்லை. அது புலவரின் வேலையுமன்று. வென்ற நாளுக்குப் பின் வரும் நாற்பது ஆண்டுகளைப் பற்றி எண்ணவேண்டியது உடலியலாரின் வேலை.

மல்லர், குத்துச்சண்டை வீரர், ஜூடோ வீரர் ஆகியோரைப் பற்றி நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. 'பயில்வானுக்கு நோய் ஏது?' என்பது ஒன்று. 'பயில்வான்கள் எல்லாம் கடைசியில் நெஞ்சடைத்துத்தான் போவார்கள்' என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டில் எது உண்மை? இரண்டிலும் பாதி உண்மை உண்டு என்பதையும், மற்றப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இருவகை உழைப்பு

நம் இதயம் ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள ஒரு தசைப் பை. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடித்து, ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியே தள்ளுகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு என்று கணக்கிடலாம். உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் பொறுப்பு இடக் கீழறைக்கு உரியது. ஆகவே உழைப்பின் சுவடு முதலில் படிவதும் அந்த அறையில்தான்.

உழைப்பு எல்லாம் ஒரே வகையன்று. நெடுந்தூரம் ஓடுபவனின் தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிகின்றன. அவனுக்கு வேண்டியது மிகுதியான குருதி. எதிரியை இறுகப் பற்றி அசையாது நிற்கும் மல்லனின் நிலை வேறு. இறுகிய தசை தன்னுள் ஓடும் குருதிக் குழாய்களையே நசுக்குகிறது. அவன் மூச்சை அடக்கி முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. இவற்றால் இரத்த அழுத்தம் திடீரென்று உயர்ந்து, அந்த அழுத்தத்தை எதிர்த்தே இதயம் குருதியைத் தள்ள வேண்டியதாகிறது.

கிணற்றில் கவலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீர் மேலேயே கிடக்கும் கிணற்றில் பெரிய சாலைக் கட்டி விரைந்து விரைந்து இறைப்பது போன்றது ஓட்டக்காரனின் இதயம் செய்யும் வேலை. மல்லனின் இதயமோ, கனத்த பாரத்தைச் சாலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அதே அளவு நீரை இறைக்கச் சொன்னது போன்ற வேலையைச் செய்கிறது. முன்னதற்குச் சால் பெரிதாக வேண்டும். பின்னதற்கு மாட்டின் தோள் தடிக்க வேண்டும்.

அழுத்தம் எவ்வளவு உயரும்? நலமான இளைஞனின் இரத்த அழுத்தம் ஓய்வில் 120/80 அளவில் இருக்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெக்டகலும் துணைவர்களும் தேர்ந்த உடற்கட்டு வீரர் ஐவரின் கைத் தமனிக்குள்ளேயே அளவுகருவியைப் பொருத்தி, பெரும்பளுவைக் கால்களால் உந்தச் செய்து அளந்தார்கள். சராசரி 320/250 வரை ஏறியது. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டிற்று. 1985-இல் வெளியான இந்த அளவுகள் மருத்துவ உலகை வியக்க வைத்தன. பளுவை இறக்கி வைத்தவுடன் அழுத்தமும் இறங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். இளமையில் வளைந்து கொடுக்கும் தமனி இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிறது. வயது ஏறித் தமனிச் சுவர் விறைத்தபின் அதே முக்கல் அதே விளைவோடு நிற்கும் என்று சொல்ல இயலாது.

குத்துச்சண்டை இரண்டு உழைப்பும் கலந்தது. கயிறு தாண்டலும் காலையோட்டமும் முதல் வகை. கட்டிப் பிடித்துத் தள்ளுவது இரண்டாம் வகை. மல்யுத்தத்தில் இரண்டாம் வகையே மேலோங்கி நிற்கிறது.

தடித்த சுவர் நோயா?

விளையாட்டு வீரனின் இதயம் பெரிதாகிறது என்பதை 1899-இலேயே சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷன் அறிந்து சொன்னார். அவரிடம் கருவி ஏதுமில்லை. பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, ஓசை மாறும் இடத்தைக் கொண்டு இதயத்தின் எல்லையைக் கண்டார்.

பின்னாளில் ஒலியலைகளால் இதயத்தைப் படம் எடுக்கும் 'எக்கோ' முறை வந்தது. 1975-இல் அமெரிக்காவில் மார்கன்ராத் குழுவினர் ஓட்டக்காரர், நீச்சல்காரர் ஆகியோரை ஒருபுறமும், மல்லர், குண்டு எறிவோர் ஆகியோரை மறுபுறமும் வைத்து ஒப்பிட்டனர். முதல் குழுவினரின் இதய அறை விரிந்திருந்தது. சுவர் வழக்கமான தடிப்பிலேயே இருந்தது. மல்லர் குழுவினரின் அறை விரியவில்லை. சுவர் மட்டும் 13, 14 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தது. பிறருக்கு அது 12-ஐத் தாண்டவில்லை. கவலைக்குச் சொன்ன உவமை அப்படியே கருவியில் தெரிந்தது எனலாம்.

அறிவியல் அத்துடன் நின்றுவிடவில்லை. 1991-இல் இத்தாலியின் பெலிச்சா குழுவினர் 947 தேர்ந்த வீரர்களைச் சோதித்தனர். அவர்களில் 16 பேருக்கு மட்டுமே சுவர் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. அந்தப் பதினாறு பேரில் பதினைவர் படகு வலிப்போர். ஒருவர் சைக்கிள் வீரர். மல்லர் ஒருவரும் இல்லை! மல்லரின் சுவர் தடித்ததாகத் தெரிவதற்கு அவர்களின் பேருடலும் ஒரு காரணம். பெரிய உடலுக்குப் பெரிய இதயம் இயல்பே. ஆகவே ஒரு மல்லனின் இதயச் சுவர் 13 மில்லிமீட்டரை எட்டினால், 'பயிற்சியால் வந்தது' என்று சொல்லி அனுப்பிவிடாமல் மேலும் ஆராய வேண்டும் என்பது இந்த ஆய்வு தரும் பாடம்.

ஏன் ஆராய வேண்டும்? பயிற்சி இல்லாமலே இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஐந்நூறு பேரில் ஒருவருக்கு அது உண்டு. இளம் வீரர்கள் ஆடுகளத்தில் திடீரென்று விழுந்து இறப்பதற்கு உரிய காரணங்களில் அதுவும் ஒன்று. நீண்ட நாள் உயர்ந்த இரத்த அழுத்தமும் சுவரைத் தடிக்கச் செய்யும். மூன்றும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம்.

இந்தத் தடுமாற்றத்துக்கு எடுத்துக்காட்டு இவாண்டர் ஹோலிஃபீல்டு. 1994 ஏப்ரல் 22 அன்று மைக்கேல் மூரரிடம் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை இழந்தபின் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இடக் கீழறை விறைப்பாக இருக்கிறது, சரிவர விரியவில்லை என்று மருத்துவர் கூற, அவர் ஓய்வை அறிவித்தார். பின்னர் நடந்த விரிவான சோதனைகளில் இதயம் நலமாக இருப்பதாகத் தெரிந்தது. 1995-இல் மீண்டும் மேடையேறினார். 1996 நவம்பரில் மைக் டைசனையே வென்றார். வீரனின் இதயத்தை ஒரே சோதனையில், அதுவும் களைத்த உடலில், எடைபோட்டுவிட முடியாது என்பதற்கு இது சான்று.

பயிற்சியால் வந்த மாற்றமா என அறிய ஓர் எளிய வழி, பயிற்சியை நிறுத்திப் பார்ப்பது. இதே பெலிச்சா 2002-இல், ஓய்வுபெற்ற 40 வீரர்களைச் சராசரி ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின் சோதித்தார். தடித்த சுவர் இயல்புக்குத் திரும்பியிருந்தது. விரிந்த அறையும் பெரும்பாலோருக்குச் சுருங்கியிருந்தது. ஆயினும் ஐவரில் ஒருவருக்கு அறை விரிந்தே நின்றது. ஓய்வுக்குப்பின் உடல் எடை கூடியதற்கும் அதற்கும் தொடர்பு காணப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதயம் தன் பழைய வேலையை மறந்து இயல்புக்குத் திரும்ப ஆயத்தமாக இருக்கிறது. அதன் உடையவனும் ஆயத்தமாக இருக்கிறானா என்பதே கேள்வி.

முதுமையில் வீரர்கள்

புகழ்பெற்றவர் சிலரின் முடிவைப் பார்ப்போம்.

1934-இல் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற மாக்ஸ் பேயர், 1959 நவம்பரில் ஒரு போட்டிக்கு நடுவராக மேடையேறி நின்றார். சில நாள்களிலேயே ஹாலிவுட் நகர விடுதி ஒன்றில் மாரடைப்பால் இறந்தார். அப்போது வயது 50. 1937 முதல் 1949 வரை பட்டத்தை விடாது காத்த ஜோ லூயிஸுக்கு 1977-இல் மகாதமனி வீக்கத்துக்கு அறுவை நடந்தது. அதன்பின் சக்கர நாற்காலி வாழ்வு. 1981-இல் 66 வயதில் இதயம் நின்றது.

நம் துணைக்கண்டத்தில் காமா பயில்வானை அறியாதவர் யார்? 1910-இல் இலண்டனில் போலந்து மல்லன் ஸ்பிஸ்கோவோடு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பொருதியவர்; 1928-இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தியவர். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்ததாகச் சொல்வார்கள். அவரும் இறுதி ஆண்டுகளில் இதய நோயாலும் ஆஸ்துமாவாலும் துன்புற்று 1960-இல் லாகூரில் மறைந்தார். ஆனால் எண்பதைத் தாண்டி வாழ்ந்தார் என்பதையும் சொல்லவேண்டும். தாரா சிங்கும் அப்படியே. மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்து 2012 ஜூலை 12 அன்று மறைந்தபோது அவருக்கு வயது 83.

இந்த நால்வரைக் கொண்டு எந்த முடிவும் கட்டலாகாது. பேயரைக் காட்டி மல்யுத்தம் கொல்லும் என்றும் வாதிடலாம். தாரா சிங்கைக் காட்டி வாழ்விக்கும் என்றும் வாதிடலாம். நம்பத்தக்க கணக்கு வேண்டுமானால் நூற்றுக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணியவர்களிடம் கேட்கவேண்டும். பின்லாந்து நாட்டவர் அப்படி எண்ணியிருக்கிறார்கள்.

பின்லாந்தின் கணக்கு

1920 முதல் 1965 வரை ஒலிம்பிக் முதலிய பெரும் போட்டிகளில் பின்லாந்துக்காக ஆடிய 2,613 ஆண்களின் வாழ்நாளை, இளமையில் அவர்களை ஒத்த உடல்நலம் பெற்றிருந்த பிற ஆண்களின் வாழ்நாளோடு சார்னா என்ற ஆய்வாளரின் குழு ஒப்பிட்டது. 1993-இல் முடிவு வெளிவந்தது. நெடுந்தூர ஓட்டக்காரர் முதலியோரின் வாழ்நாள் 75.6 ஆண்டு. குழு விளையாட்டு ஆடியோருக்கு 73.9. மல்லர், குத்துச்சண்டையர், பளுதூக்குவோர், எறிவோர் ஆகிய வலு விளையாட்டினர்க்கு 71.5. விளையாடாத மற்றவர்க்கு 69.9.

இந்த நான்கு எண்களில் நம் இரண்டு நம்பிக்கைகளுக்கும் விடை இருக்கிறது. மல்லன் மற்றவனைவிட முந்திச் சாகவில்லை, 1.6 ஆண்டு கூடுதலாகவே வாழ்ந்தான். ஆனால் ஓட்டக்காரன் பெற்ற 5.7 ஆண்டு ஆதாயம் அவனுக்குக் கிட்டவில்லை. வீரர்கள் நீடித்து வாழ்ந்ததற்கு முதன்மைக் காரணம் இதய நோயால் இறந்தோர் குறைந்ததுதான் என்று அவ்வாய்வு கூறுகிறது. அப்படியானால் மல்லன் தன் ஆதாயத்தை எங்கே தொலைத்தான்?

தொலைக்கும் இடங்கள்

முதலாவது பந்தி. கடும்பயிற்சிக் காலத்தில் பயில்வான் உண்ணும் பாலும் நெய்யும் பாதாமும் இறைச்சியும் கோதாவிலேயே எரிந்துவிடும். ஓய்வுபெற்ற மறுநாள் தண்டால் நிற்கிறது, பந்தி நிற்பதில்லை. ஜப்பானின் சுமோ மல்லர்களிடம் இதைத் தெளிவாகக் காணலாம். அவ்வளவு பெருத்த உடலிருந்தும், பயிற்சியில் இருக்கும்வரை அவர்களின் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில்தான் தங்குகிறது. குடலைச் சுற்றி அதிகம் சேர்வதில்லை. பயிற்சி நின்றபின் அந்தக் காப்பு போய்விடுகிறது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் இதயத் தமனி அடைப்புக்கும் வழி திறப்பது. சுமோ மல்லரின் இறப்பு விகிதம் ஒத்த வயதுடைய பிற ஜப்பானியரைவிட மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை.

இரண்டாவது குறட்டை. தடித்த கழுத்து மல்லனுக்கு அழகு. எடையும் கூடிவிட்டால் அதே கழுத்து உறக்கத்தில் மூச்சுக்குழலை நெரிக்கிறது. உறங்குபவர் சில விநாடி மூச்சற்றுக் கிடந்து, திடுக்கிட்டு இழுத்து, மீண்டும் குறட்டை விடுவார். இரவில் பலமுறை இப்படி நேர்ந்தால் இரத்த அழுத்தம் பகலிலும் இறங்க மறுக்கும். வீட்டார் சிரித்துவிட்டு விட்டுவிடும் இந்தக் குறட்டை, மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி.

மூன்றாவது மருந்து. பழைய வீரனின் முழங்காலும் தோளும் வலிக்காமல் இரா. வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால் அவற்றுள் பல உப்பையும் நீரையும் உடலில் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதனினும் கொடியது தசை வளர்க்கும் ஊக்கமருந்து. 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பளுதூக்குவோர் 140 பேரில் நெடுநாள் ஊக்கமருந்து கொண்ட 86 பேரின் இடக் கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் சராசரி 52 விழுக்காடு குருதியையே வெளியேற்றியது. மருந்து தொடாதோர்க்கு அது 63 விழுக்காடு. மருந்து கொண்டோரின் இதயத் தமனிகளில் அடைப்பும் மிகுந்திருந்தது.

நான்காவதைச் சொன்னால் வியப்பாக இருக்கும், அது பொறுமை. வலியைக் காட்டிக்கொள்ளாதே என்பது கோதாவில் கற்கும் முதற்பாடம். இருபதாண்டு அப்படிப் பழகியவர் ஐம்பத்தைந்து வயதில் மார்பு இறுகி, இடக்கையும் தாடையும் கனத்து, வியர்த்துக் கொட்டும்போது என்ன செய்வார்? 'வாயுப் பிடிப்பு' என்று சுக்கு நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரமே பொன்னான நேரம். அந்நேரத்தில் அடைப்பை நீக்கினால் தசை பிழைக்கும், கடந்தால் சாகும். எந்தக் குணம் அவரை வெற்றிவீரராக்கியதோ அந்தக் குணமே அவரை வீட்டில் படுக்க வைத்து உயிரை வாங்குகிறது.

ஆகவே மல்லனின் இதயத்துக்குப் பகை மல்யுத்தம் அன்று. மல்யுத்தம் நின்ற பிறகும் நிற்காத அதன் பழக்கங்களே பகை.

மீண்டும் கோதாவில்

ஓய்வுபெற்றோர் மீண்டும் போட்டியிடுவதும் இன்று நடக்கிறது. மல்யுத்தத்தில் 35 வயது கடந்தோர்க்கென உலகப் போட்டிகளே உள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் முப்பத்தைந்துக்குக் கீழே திடீர் மரணத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிறவிக் கோளாறுகள். அதற்கு மேலே முதற்காரணம் தமனி அடைப்பு. ஆகையால் இளமையில் பெற்ற மருத்துவச் சான்று முதுமைக்குச் செல்லாது.

மீண்டும் இறங்க விரும்புவோர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, ஈ.சி.ஜி. எடுத்து, மருத்துவர் வேண்டுமென்று சொன்னால் எக்கோவும் ஓடவைத்துப் பார்க்கும் சோதனையும் செய்துகொள்ளவேண்டும். அழுத்தம் 140/90-க்கு மேல் நிலைத்திருந்தால் முதலில் அதை அடக்கவேண்டும். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போர் அடிபடும் ஆட்டங்களை விட்டுவிடவேண்டும். தலையில் விழும் சிறு அடியும் மூளைக்குள் குருதிக் கசிவை உண்டாக்கிவிடும்.

எடைப்பிரிவுக்காக நீரைக் குறைத்து உடலை வாட்டும் பழக்கம் அறவே கூடாது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் கல்லூரி மல்லர் மூவர், வெப்ப உடையணிந்து வியர்த்து எடை குறைக்கும் முயற்சியிலேயே அடுத்தடுத்து மாண்டனர். கட்டிளங்காளைகளுக்கே அக்கதி என்றால் ஐம்பது வயதினர்க்குச் சொல்லவேண்டுமா?

போட்டியை நாடாதவர்க்கும் வழி எளிது. மல்லன் இளமையில் பெறத் தவறிய ஓட்டக்காரனின் ஆதாயத்தை முதுமையில் பெற முயலலாம். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி விரைநடை போதும். முழங்கால் ஒத்துழைக்காதவர் நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். பளு தூக்குவதையும் விட்டுவிட வேண்டியதில்லை. இலேசான பளுவை, மூச்சை அடக்காமல், தூக்கும்போது மூச்சை விட்டுத் தூக்கினால் அழுத்தம் அவ்வளவு ஏறாது.

நம் கடமை

நண்பர்களே, நம் கல்லூரியில் கபடியும் பளுதூக்கலும் மல்யுத்தமும் பயில்வோர் இருக்கிறீர்கள். உங்களுக்கு முதன்முதல் பிடி சொல்லிக்கொடுத்த ஆசான் ஒருவர் உங்கள் ஊரில் இருப்பார். அவர் எப்போது இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார் என்று கேட்டுப் பாருங்கள். 'எனக்கென்னடா தம்பி?' என்பதே விடையாக இருக்கக்கூடும். அந்த விடையை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையம்வரை அவரோடு நடந்து செல்லுங்கள்.

ஆடுகளத்தில் ஒருவர் பேச்சு மூச்சின்றி விழுந்தால் நீர் தெளித்துக்கொண்டு நிற்காமல் 108-க்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் பதியும்படி நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தவும் நாம் அனைவரும் பழகவேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு பிற்பகல் போதும் இதைக் கற்க.

விளையாட்டு விழாவுக்கு ஆண்டுதோறும் பழைய வீரர்களை அழைத்து மாலையிட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த விழாவில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரத்த அழுத்தமானியும் ஒரு மருத்துவரும் இருக்க உடற்கல்வித் துறையும் மாணவர் மன்றமும் ஏற்பாடு செய்யலாம். மாலைக்குக் குனியும் அந்தத் தடித்த கழுத்துகளுக்கு உரியவர்கள், மேடையிலிருந்து இறங்கியதும் அந்த மேசையில் கையை நீட்டிவிட்டுப் போகட்டும்.